உப்பு பார்த்த நாக்கு

காரின் தரைவிரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். உள்ளே ரப்பர் வாசனை, பெட்ரோல் வாசனை, எப்போதோ கொட்டிப்போன பாலின் புளிப்பு வாசனை. ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த இரும்புத் தகட்டில் அழுத்தித் தேய்த்தேன். பிறகு விரலை நாக்கில் வைத்தேன்.

வெளியே மூன்று பேர் நின்றார்கள். வண்டியை விற்கும் தாஸ் பாபு, வாங்க வந்திருந்த என் பக்கத்து வீட்டு மல்லிகா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய ஒன்பது வயது மகள் சுதா. மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

நாக்கில் தூசி இருந்தது. இரும்பின் துவர்ப்பு இருந்தது. உப்பு இல்லை. பெயருக்குக்கூட இல்லை.

நான் நிமிர்ந்து, முகத்தைச் சுளித்து, "உப்பு இருக்கு" என்றேன்.

பத்திரிகையில் இந்தத் தொடரை ஆரம்பித்தபோது இதை எழுதுவதாக இல்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸின் தண்ணீர்க் குழாய்ச் சண்டைகள், பள்ளிக்கூடக் கூத்துகள் என்று நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு வாசகி, "உங்களுக்குத்தான் எத்தனை பெரிய மனசு" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆகவே இது.

எதற்கு நாக்கு?

சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் மேட்டில் இருந்தவர்கள் தப்பினோம். பள்ளத்தில் கடல் புகுந்தது. அங்கே நின்றிருந்த வண்டிகள் கழுத்தளவு உப்புத் தண்ணீரில் ஊறின. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றைக் கழுவி, காயவைத்து, பெயின்ட் அடித்து, புது சீட் கவர் மாட்டி விற்க ஆரம்பித்தார்கள். பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு வருஷத்தில் தரைத் தகடு அப்பளமாக நொறுங்கும். பிரேக்கை மிதித்தால் கால் ரோட்டில் இருக்கும்.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. பழைய வண்டி வாங்குவதற்கு முன்னால் 'உப்பு பார்ப்பது'. தரைவிரிப்பைத் தூக்கி, ஈர விரலால் தகட்டைத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல். தீவில் பாதிப் பேர் பான் போடுகிறவர்கள், மீதிப் பேர் புகையிலை அடக்குகிறவர்கள். அந்த நாக்குகளில் கடலையே ஊற்றினாலும் தெரியாது. எனக்கோ எந்தப் பழக்கமும் கிடையாது. டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பேன். அதோடு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்து டீச்சர், பொய் சொல்ல மாட்டார் என்று ஒரு பெயர். மேட்டுப் பக்கம் யார் பழைய வண்டி பார்த்தாலும் என்னைக் கூப்பிட வந்துவிடுவார்கள்.

என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை, நாளெல்லாம் நாலு பாஷையில் திட்டு வாங்குகிறவர், வீட்டுக்கு வந்தால் என்னை வைத்துச் சிரிப்பார்.

"ஊருல எல்லாரும் டயரை உதைச்சுப் பாத்து கார் வாங்குறான். எம் பொண்டாட்டி ருசி பாத்துல்ல வாங்கித் தர்றா."

ஊருக்கெல்லாம் ருசி பார்த்தேன். எனக்கென்று ஒன்று வாங்க முடியவில்லை. எரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

சிவப்பு அடிக்கோடு

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்கக் கட்டம் போட்ட நோட்டு. அதில் போர்ட் பிளேரில் ஓடும் சின்னக் கார்களைப் பற்றி எழுதிவைத்திருந்தேன். மூன்று வருஷ உழைப்பு.

மெயின்லேண்டில் கார் வாங்குகிறவர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். எங்கள் கேள்வியே வேறு. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டெலானிபூர் ஏற்றத்தில் முதல் கியரில் மூச்சு வாங்காமல் ஏறுமா? எட்டு மாத மழையில் காலையில் முதல் சாவிக்கே எழுந்திருக்குமா? ஒரு சாமான் போனால் ஊரிலேயே கிடைக்குமா, இல்லை சென்னையிலிருந்து கப்பல் வரும்வரை வண்டி முற்றத்தில் கோழிக்கூண்டாக நிற்குமா?

கப்பலோ, கடல் கொந்தளித்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். எங்கள் பள்ளி ஹெட்மாஸ்டர் ஆசைப்பட்டு ஒரு புது மாடல் வாங்கினார். அதன் வைப்பர் மோட்டார் வருவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் துணியுமாகப் பள்ளிக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

எல்லாம் கழித்துப் பார்த்ததில் முதல் இடம் ஒரு வண்டிக்குக் கிடைத்தது. ஒரு பழைய சின்னக் கார். அழகு கிடையாது, தகரப் பெட்டி. ஆனால் தெருவுக்கு ஒன்று ஓடியதால் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். மெக்கானிக் ஹனீபா பாய் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டுவார். நிறம் மட்டும் என் ஆசைக்கு: 'சிவப்பு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.

நோட்டை என் கணவரிடம் காட்டும்போதெல்லாம் ஒரே பதில். "பாப்போம், பாப்போம். அடுத்த கப்பல் போகட்டும்."

போர்வை

மல்லிகா தெற்கே கச்சால் தீவிலிருந்து வந்தவள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அவளுடைய அப்பா அம்மா வந்து, அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். மல்லிகா அங்கேயே பிறந்து, நர்ஸுக்குப் படித்து, அங்கேயே வேலை பார்த்தாள். அலை அவள் கணவனைக் கொண்டுபோனது. சுதாவின் வலது காலை ஒரு மரம் நசுக்கியது.

கப்பலில் வந்து இறங்கிய அவர்களுக்குச் சில மாதங்களில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாற்றுத் துணி கிடையாது. நான் ஓடி ஓடிச் செய்தேன். இரண்டு புடவை, ஒரு குக்கர், எனக்குக் கல்யாணத்தில் வந்த பச்சைக் கம்பளிப் போர்வை.

"உங்கள நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேங்கா" என்று அவள் அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் அழுதுகொண்டே இருந்திருந்தால் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. எழுந்து நின்றுவிட்டாள். ஒரே வருஷத்தில் ஆஸ்பத்திரியில் எல்லாரும் "மல்லிகா சிஸ்டர் எங்கே" என்று தேடும்படி ஆனாள். அவள் வீட்டு எலுமிச்சை காய்த்தது. எங்கள் வீட்டு எலுமிச்சை, நான் உரம் வாங்கிப் போட்டது, இலைதான் விட்டது.

அவள் கடையில் நுழைந்தால் பேச்சு தணியும். இடம் விடுவார்கள். என் வாழ்க்கையில் யாரும் எனக்காகக் குரலைத் தாழ்த்தியதில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளின் துக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எழுதும்போதே கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் டிரைவிங் கற்கப் போனோம். அவள் முதல் டெஸ்டிலேயே பாஸ். நான் ரிவர்ஸ் எடுத்து வண்டியைச் சாக்கடைக்குள் இறக்கினேன். இன்ஸ்பெக்டர், "மேடம், கார் ஹே, நாவ் நஹீ" என்றார். இது கார், படகு இல்லை என்று அர்த்தம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நோட்டை இரவல் கேட்டாள்

ஒரு நாள் சாயங்காலம் மல்லிகா வந்தாள்.

"அக்கா, உங்க கார் நோட்ட ரெண்டு நாளைக்குக் குடுக்கிறீங்களா? சுதாவுக்கு வாரத்துல மூணு நாளு கால் பயிற்சிக்குப் போகணும். மழையில ஆட்டோக்காரன் இந்த ஏத்தத்துல வர மாட்டேங்கிறான். புள்ளைய முதுகுல தூக்கிட்டு எறங்குறேன், போன வாரம் வழுக்கி விழுந்துட்டோம். ஒரு சின்ன வண்டி எடுத்துரலாம்னு பாக்கிறேன்."

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது?

நான் மூன்று வருஷம் யோசித்ததை அவள் மூன்று நாளில் முடித்தாள். என் நோட்டில் முதலிடம் எதுவோ, அதே வண்டி. மேட்டுத் தெரு தாஸ் பாபுவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாகியிருந்தது, அவருடைய வெள்ளைக் காரை விற்கிறார்.

"செவப்பு கெடைக்கலக்கா. உங்களுக்குத்தான் செவப்பு புடிக்கும். எனக்கு எதுவா இருந்தா என்னா" என்றாள். பிறகு, "நீங்க வந்து உப்பு பாத்துச் சொல்லிருங்க. நீங்க சரின்னா எடுத்துருவேன்" என்றாள்.

அரசாங்கம் கொடுத்த நிவாரணப் பணத்தில்தான் வாங்கப்போகிறாள். அது எதற்குப் பதிலாக வந்த பணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் வயிறு எரிந்தது. என் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தவள், என் நோட்டை வைத்து, நான் பார்த்துவைத்த காரை, என் நாக்காலேயே சோதித்து வாங்கப்போகிறாள். நாளைக்கு அவள் காரில் மேட்டிலிருந்து இறங்கி வருவாள், நான் குடையுடன் ஓரமாக ஒதுங்கி நிற்பேன். அவள் நிறுத்தி, "ஏறுங்கக்கா" என்பாள். அந்த "ஏறுங்கக்கா"வைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் போய்க் குனிந்தேன். விரலை நனைத்தேன். உப்பு இருக்கிறது என்றேன்.

தாஸ் பாபு பதறிப்போனார். அலை வந்த அன்று வண்டி இதே மேட்டில்தான் நின்றது, கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று ஹிந்தியில் சத்தியம் செய்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். சுதா காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா சொன்னா சரிதான்" என்றாள் மல்லிகா.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் முதலில் இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை போட்ட வண்டி

அதோடு முடிந்திருந்தால் ஒரு பொய், ஒரு பாவம் என்று கணக்கு நின்றிருக்கும். முடியவில்லை.

டெலானிபூர் டீச்சரே உப்பு என்று சொல்லிவிட்டார் என்ற செய்தி அபர்தீன் பஜார் வரைக்கும் போயிற்று. தாஸ் பாபுவின் வண்டியை ஒருவரும் சீண்டவில்லை. அவர் கிளம்பும் கப்பலின் தேதி நெருங்கியது. அவருக்கு டிக்கெட் எழுதியது என் கணவர். மனிதர் கவுன்ட்டரில் நின்று கண்ணில் தண்ணீர் விட்டிருக்கிறார். கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாராம்.

இவர் ஹனீபா பாயைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பாய் சீட்டுகளைக் கழற்றி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேறு இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டெப்னிக்கு அடியில் டார்ச் அடித்து, "சுத்தமான வண்டி. கடல் காத்து பட்டதோட சரி, கடல் தண்ணி படல" என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கார். முன்னால் கனகாம்பர மாலை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரிய இவர்.

"என்னடி அப்படிப் பாக்குற? உன் நோட்டுல ஃபர்ஸ்ட் மார்க் வாங்குன வண்டிதான். பாதி விலைக்கு முடிச்சிட்டேன். உன் நாக்கு அன்னைக்கு லீவுல இருந்திருக்கு, அவ்வளவுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு வாசல்படியில் மல்லிகா நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி, கொடியில் போடப்போனது அப்படியே இருந்தது.

அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஊரும் அதையேதான் நினைத்தது. விலையை இறக்கத்தான் டீச்சர் உப்பு என்று சொன்னாள், இறங்கியதும் புருஷனை விட்டு வாங்கிக்கொண்டாள். நான் அப்படித் திட்டம் போடவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இதை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது: வெறும் பொறாமையில் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது. இரண்டில் எது மேல் என்று யோசித்து யோசித்து, வாயை மூடிக்கொண்டேன்.

இவருக்கும் சொல்லவில்லை. பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.

"நல்ல வண்டி டீச்சர்" என்றாள் மல்லிகா. துணியை உதறிக் கொடியில் போட்டாள். அன்றோடு 'அக்கா' போயிற்று.

நிற்காத வண்டி

அந்தக் கார் எங்களிடம் பன்னிரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாளும் நிற்கவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

கொட்டுகிற மழையில் முதல் சாவிக்கே உறுமிக்கொண்டு எழும். எப்போதாவது மக்கர் பண்ணாதா, நடு ஏற்றத்தில் புகை கக்காதா, பார், நான் சொன்னது சரிதான் என்று மல்லிகாவிடம் காட்ட மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன். தன் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று ஹனுமார் கோயிலில் வேண்டிக்கொண்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். கடவுள் கேட்கவில்லை.

மல்லிகா வேறு வண்டி வாங்கவில்லை. சுதாவின் காலுக்கு மெயின்லேண்டில் ஆபரேஷன் என்று செலவாகிவிட்டது. இரண்டு வருஷம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் அந்த ஏற்றத்தில் இறங்கினாள். நானோ மூன்றாவது டெஸ்டில் ஒருவழியாகப் பாஸாகியிருந்தேன்; மழை நாட்களில் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறப்பேன்.

"ஏறுங்க மல்லிகா."

"இருக்கட்டும் டீச்சர். ஆட்டோ வரும்."

ஆட்டோ வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு முறை சுதா ஏறப்போனாள். மல்லிகா மகளின் தோளில் கை வைத்தாள், அவ்வளவுதான். சுதா காலை எடுத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு, காலியான பின் சீட்டோடு பள்ளிக்கூடம் போனேன்.

அவளும் உப்பு பார்த்தாள்

இவர் ரிட்டயர் ஆனார். மெயின்லேண்டுக்கு மூட்டை கட்டினோம். வண்டியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது நான் மல்லிகாவின் வீட்டுக்குப் போனேன். சுதா அப்போது ஒரு பாங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லேசாகத்தான் சாய்ந்து நடப்பாள்.

"காரை நீங்க வெச்சுக்கோங்க மல்லிகா. ஒண்ணும் தர வேணாம்" என்றேன்.

மல்லிகா உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். நேராகக் காரிடம் போனாள். கதவைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கி, விரலை நனைத்துத் தகட்டில் தேய்த்தாள். நாக்கில் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப இருக்கு டீச்சர்."

இருக்கத்தானே செய்யும். பன்னிரண்டு வருஷக் கடல் காற்று.

"அன்னைக்கு இல்ல மல்லிகா" என்றேன். "நான் பொய் சொன்னேன்."

"தெரியும். நீங்க போனப்பறம் நானும் தொட்டுப் பாத்தேன். நான் அலையில கெடந்தவ. எனக்கு உப்புத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வாங்கல?"

"வாங்கியிருந்தா தாஸ் பாபு முன்னால நீங்க பொய்க்காரின்னு ஆகியிருக்கும். உங்க போர்வையத்தான் நானும் புள்ளையும் போத்திக்கிட்டிருந்தோம். சரி, போர்வைக்கு காரு சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்." அவள் டம்ளரில் மீதியிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். "பெரிய மனசுன்னு நெனச்சுக்காதீங்க. அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்குனேன். யாருக்கும் பாக்கி இல்லேன்னு. ஆனா நீங்களே அத வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துவீங்கன்னு நெனைக்கல. அதுதான் வலிச்சுச்சு."

இவருக்குத்தான் எதுவும் தெரியாது, அவராகவே வாங்கினார், நான் திட்டம் போடவில்லை என்று பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். நம்பினாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

"வண்டி வேணாம் டீச்சர். ஹனீபா பாய்கிட்ட குடுத்துருங்க" என்றாள். "சுதா புதுசு புக் பண்ணியிருக்கா. அடுத்த கப்பல்ல வருது."

நான் அழுதுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவள் நான். ஆனால் புதுசு என்ற சொல் காதில் விழுந்ததும், பாழாய்ப்போன வயிறு பழையபடி குபீரென்று எரிந்தது.

"என்ன கலர்?" என்று கேட்டுவிட்டேன்.

மல்லிகா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு, நான் அவளிடம் பார்த்தே இராத சிரிப்பு.

"செவப்புக்கா" என்றாள்.